உம்மாவின் பாய்



உம்மா வஃபாத்தாகி ஐந்து மாதங்கள் கழித்துப் பரணை ஒழுங்குபடுத்தினேன். மூடியில்லாத ஊறுகாய் ஜாடி, கண்ணாடி உடைந்த படச்சட்டம், இவற்றுக்கிடையே சுருட்டி வைத்த ஒரு பத்தமடைப் பாய். கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய நாராகக் கீறி நெய்யும் அந்தப் பாய், உம்மாவின் நிக்காஹுக்கென்று சொல்லி வாங்கியது. நடுவில் உம்மா, வாப்பா இருவரின் பெயர்களும் நெய்யப்பட்டிருந்தன. ஓரங்கள் மட்டும் செல்லரித்திருந்தன.

எறிய மனம் வரவில்லை. வீண்விரயம் நமக்குத் தடுக்கப்பட்டதல்லவா? உருவப்படங்கள் கொண்ட திரைச்சீலையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதை வெட்டித் தலையணையாக்கிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அது எனக்குத் துணிவு தந்தது.

காய்ந்த கோரை வெட்டும்போது ஒடியும் என்பதால் ஈரத்துணியால் துடைத்து இளக்கினேன். வெட்டவிருந்த கோட்டின் இருபுறமும் முதலில் தையல் போட்டேன். இல்லையேல் பாவு நூல் பிரிந்து கோரை உருவிக்கொள்ளும். பெயர்கள் இருந்த பகுதியைப் பழைய சட்டத்தில் பொருத்திச் சுவரில் மாட்டினேன். ஜாடியில் மணிபிளான்ட் கொடி வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

ராத்தா வந்தார்கள். சுவரையே வெகுநேரம் பார்த்தார்கள். "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார்கள். அவ்வளவுதான்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் வெட்டியது தம் வீட்டில் தாமே தொங்கவிட்ட திரையை. நான் வெட்டியதோ உம்மா விட்டுச்சென்ற சொத்து. வாப்பா முன்பே மறைந்துவிட்டதால், காக்காவும் ராத்தாவும் நானுமே வாரிசுகள். ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் அந்தப் பாயில் நான்கில் ஒன்றுதான் எனக்குரியது. நகையையும் நிலத்தையும் முறையாகப் பங்கிட்ட நாங்கள், பரணில் கிடந்ததைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. விலை மதிப்பு இல்லாததற்கு உரிமையும் இல்லை என்று எண்ணிவிட்டேன்.

மறுநாள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். துபாயிலிருந்த காக்கா, "ஹலாலாக்கிட்டேன்மா, எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை" என்றார்கள். எஞ்சிய பாயில் குர்ஆன் ரெஹாலுக்கு அடியில் விரிக்கும் அளவில் இரண்டு விரிப்புகள் தைத்தேன். ஒன்று காக்காவுக்கு, ஒன்று எனக்கு. பெயர்கள் உள்ள சட்டம் இப்போது ராத்தாவின் வீட்டில் இருக்கிறது. அதை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் அவர்கள் அழுதார்கள்.

சகோதரிகளே, பழையதைப் புதிதாக்குங்கள், நல்ல பழக்கம். ஆனால் மறைந்தவர்களின் பொருளாக இருந்தால், கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் தொலைபேசியை எடுங்கள். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக; உம்மாவின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.