மைக் இல்லாத ஒரு பின்னேரம்

எங்கட தலைமுறை மைக்கோடு வளர்ந்த தலைமுறை. கோயில் திருவிழா என்றால் நாலு ஒழுங்கைக்கு அப்பாலும் ஸ்பீக்கர் கட்டவேணும். கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருப்பவரோடு கதைக்க ஏலாது. கம்பஸில் பத்துப் பேர் கூடினாலும் முதலில் “ஹலோ, மைக் டெஸ்டிங்” தான். கர்நாடகக் கச்சேரியில்கூட வீணையை ஸ்பீக்கர் வழியாகத்தான் கேட்டிருக்கிறோம். ஒரு மனிசக் குரல் எந்த வயரும் இல்லாமல் ஒரு மண்டபத்தை எவ்வளவு தூரம் நிரப்பும் என்ற கேள்வியே எங்களுக்கு வந்ததில்லை.

அந்தக் கேள்வியை எங்களுக்குள் போட்டது கொழும்பில் நடந்த ஒரு சின்ன நிகழ்வு. ஒரு ஒபேரா பாடகி, ஒரு பியானோக் கலைஞர், அறுபது கதிரைகள். மேடை கிடையாது, திரை கிடையாது. அனுமதி இலவசம் என்றபடியால் கலைப்பீடத்து நாங்கள் நாலு பேர் பஸ் ஏறினோம். வீட்டுக்குச் சொன்னபோது வந்த பதில்: “உது ஆற்றையோ பாட்டு, உங்களுக்கு என்ன விளங்கப் போகுது?”

பாடகி மெஸ்ஸோ சொப்ரானோ, பெண்குரலில் நடுத்தரம். முதல் பாட்டின் முதல் சுரத்திலேயே எங்களில் ஒருத்தி மற்றவளின் கையைப் பிடித்துவிட்டாள். சத்தம் கூட என்பதால் அல்ல. குரல் பாடகியின் வாயிலிருந்து வருவதுபோல இல்லாமல் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் வருவதுபோல இருந்தது. இதற்குப் பின்னால் ஒரு பௌதிகக் கணக்கு இருக்கிறது. ஒரு முழு வாத்தியக் குழுவின் ஒலிச்சக்தி பெரும்பாலும் 500 ஹேர்ட்ஸுக்கு அண்மையில் குவிந்து, அதற்கு மேலே போகப்போகக் குறையும். ஒபேராவுக்குப் பழக்கிய இப்படியான குரலோ 3000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் தனியாக ஒரு மேடு கட்டிக்கொள்கிறது. வாத்தியங்கள் மெலியும் இடத்தில் குரல் எழும்பி நிற்கிறது, அதனால்தான் மைக் தேவைப்படுவதில்லை. அது கத்துவதல்ல, தொண்டையையும் வாயையும் வருஷக்கணக்கில் பழக்கி எடுத்த வேலை.

அண்டைக்குப் பாடினதில் ஒபேரா கொஞ்சம்தான். கூடுதலாக வந்தவை ஜேர்மன் தனிப்பாடல்கள். அவற்றை ‘லீட்’ என்பார்கள். ஒரு கவிஞர் எழுதின கவிதையை எடுத்து, ஒரு குரலுக்கும் ஒரு பியானோவுக்குமாக இசை அமைப்பது. ஷூபேர்ட் மட்டும் 600க்கு மேல் அமைத்திருக்கிறார். 1828இல் இறக்கும்போது அவருக்கு வயது 31. அந்தப் பாட்டுகள் பெரிய மண்டபங்களுக்குப் பிறந்தவையும் அல்ல. வியன்னாவில் சிநேகிதர்களின் வீட்டு வரவேற்பறைகளில் கூடி, இரவிரவாகப் பாடிக் கேட்டவை. ஷூபேர்ட் பியானோவில் இருப்பார், ஃபோகல் என்ற ஒபேரா பாடகர் பாடுவார். ஃபோகல் அவரைவிட ஏறக்குறைய 30 வயது மூத்தவர். ஒரு ஒபேரா குரல், ஒரு பியானோ, கைக்கெட்டும் தூரத்தில் ஆட்கள் என்ற இந்த அமைப்பு அன்றே இருந்த ஒன்றுதான்.

எங்களை இருத்தி வைத்த பாட்டு, ‘இராட்டையில் கிரெட்சன்’. ஷூபேர்ட் அதை எழுதியது 1814 ஒக்டோபர் 19இல், 17 வயதில். கம்பஸுக்கு வரமுதல் வயது! சொற்கள் கோதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்திலிருந்து. ஒரு பெட்டை இராட்டை சுற்றியபடி, போய்விட்ட ஒருவனை நினைத்துக் குழம்புகிறாள். பியானோவின் வலது கை இராட்டையின் சில்லு, ஓயாமல் சுற்றுகிறது. இடது கை மிதிகட்டை. அவனுடைய முத்தம் ஞாபகம் வரும் இடத்தில் சில்லு நின்றுவிடுகிறது. முழு அறையும் நின்றது. பிறகு பியானோ ஒருதரம் சுற்றப் பார்த்து நிற்கிறது, இன்னொருதரம் பார்க்கிறது, பிறகுதான் சில்லு பழையபடி ஓடத் தொடங்குகிறது. எங்களுக்கு ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாது. அந்த நிற்பு விளங்க ஜேர்மன் தேவைப்படவும் இல்லை.

பியானோக்காரரைப் ‘பக்கவாத்தியம்’ என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. எங்கட கச்சேரியில் வயலின் பாடகரைப் பின்தொடர்ந்து, பிறகு தனக்கென ஒரு முறை எடுத்து வாசிக்கும். இங்கே பியானோவுக்குத் தனி ஆவர்த்தனம் இல்லை, ஆனால் அது ஒரு பாத்திரம். பாடகி மூச்செடுக்க முதலே அவர் கை அந்த மூச்சுக்கு இடம் விட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததை நாங்கள் அதிகம் காணவில்லை, காதாலேயே கதைத்துக்கொண்டார்கள்.

சரி, இது ஆற்றை பாட்டு?

2016 பெப்ரவரி 4ஆம் திகதி, காலிமுகத்திடல் சுதந்திர தின விழாவில் சொப்ரானோ பாடகி கிஷானி ஜயசிங்க ‘தன்னோ புதுங்கே’ பாடலை ஒபேரா பாணியில் பாடினார். அதே விழாவில், பல வருஷங்களுக்குப் பிறகு, தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. அப்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எங்கட வீடுகளில் கதை முழுக்கத் தமிழ்க் கீதத்தைப் பற்றித்தான். தெற்கில் பெரிய சண்டை மற்றதைப் பற்றி: எங்கட பாட்டைக் கெடுத்துப்போட்டா, இது எங்கட குரலே இல்லை என்று. தொலைக்காட்சியில் கூடக் கேலி செய்தார்கள். ஆனால் அந்தப் பாட்டு ஜோன் த சில்வாவின் ‘சிறிசங்கபோ’ நாடகத்துக்காக 1903இல் வந்தது. அதற்கு இசை போட்டவர் இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லௌஜி. ‘எங்கட’ என்று காவல் நிற்கிற மெட்டே கடல் தாண்டி வந்ததுதான்.

அவையளைச் சொல்லிவிட்டு நாங்கள் தப்ப ஏலாது. கர்நாடகக் கச்சேரியின் வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இசை நாடகத்து ஆர்மோனியமும் அப்படியே. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் ஒன்றின் மெட்டு பிரித்தானிய அரச கீதம். எங்களில் ஒருத்தி தேவாலயப் பாடகர் குழுவில் ஓல்ட்டோ பாடி வளர்ந்தவள். வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனையையும் ஓர்கனோடு ஞானப்பாட்டையும் ஒரே ஞாயிறில் பாடினவளுக்கு இந்தக் குரல் வெளியாள் இல்லை.

தூரமாக இருந்தது பாட்டு அல்ல, மண்டபம். வரவேற்பும் ஆங்கிலம், அறிமுகமும் ஆங்கிலம். தாளில் ஜேர்மன் மூலத்துக்குப் பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும். நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் மேலைத்தேய இசை என்று ஒரு பாடம் எடுக்கலாம் என்று சொல்லவே ஆள் இல்லை. இலவசம் என்று போட்டாலும் கதவு எல்லாருக்கும் ஒரேயளவாகத் திறப்பதில்லை. எங்களுக்குக் கவலை அதுதான், ஏனென்றால் அறுபது கதிரையும் சுருதி சேர்த்த ஒரு பியானோவும் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தேடமுடியாத சாமான்கள் இல்லை. தமிழில் அச்சடித்த ஒரு தாள் அதைவிட லேசு.

அந்தத் தாளை நாங்களே செய்து பார்ப்போம் என்று திரும்பி வரும் பஸ்ஸில் தொடங்கினோம். கிரெட்சனின் பாட்டில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது, அவள் தொலைத்துவிட்ட ஒன்றின் பெயர். ஆங்கிலத் தாளில் ‘பீஸ்’ என்று இருந்தது.

“அமைதி எண்டு போடுவம்.”

“வேண்டாம். எங்கட அம்மாவுக்கு அமைதி எண்டால் 87ஆம் ஆண்டு வந்த படை.”

“அப்ப சமாதானம்?”

“அது பேச்சுவார்த்தை.”

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. 1814இல் வியன்னாவில் ஒரு பெடியன் இசை அமைத்த சொல்லுக்கு, படையும் பேச்சுவார்த்தையும் தொடாத ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் ‘நிம்மதி’ என்று எழுதினோம். நிம்மதி வீட்டுக்குள் புழங்கும் சொல், அதன் பெயரில் ஒருவரும் ஊருக்குள் வந்ததில்லை. மிச்ச வரிகளை இப்போது செய்துகொண்டிருக்கிறோம். முடிந்ததும் கேட்கிற எவருக்கும் தருவோம், பாடுகிறவர்கள் வந்தால் கதிரை அடுக்கவும் நாலு பேர் இருக்கிறோம்.