ழாக் மில்லரின் எலிகள்

2009இல் நண்பர் ஒருவரின் பத்து வயது மகனுக்கு லுகேமியா என்று தெரியவந்தது. மருத்துவமனை வராந்தாவில் நண்பருடன் பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். பையனின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் பெருகிக் கிடந்தன. ஆனால் சாதாரணச் சளியைக்கூட அவனால் எதிர்க்க முடியவில்லை. "வேலியே பயிரை மேயுதும்பாங்களே, அதுதானா இது?" என்று நண்பர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் ழாக் மில்லர் என்ற பெயரை அறிந்தேன்.

மில்லர் 1931இல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தவர். சிறுவயதில் ஷாங்காயில் வாழ்ந்தார். போர் நெருங்கிய வேளையில், 1941இல், குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தது. அவருடைய அக்காவைக் காசநோய் கொண்டுபோனது. உடம்பு நோயை எப்படி எதிர்க்கிறது என்பது எவருக்கும் தெரியாது என்று மருத்துவர் தாயிடம் சொன்னது சிறுவனின் காதில் விழுந்திருக்கிறது. முதிர்ந்த வயதிலும் அவர் அதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

சிட்னியில் மருத்துவம் படித்துவிட்டு 1958இல் லண்டனுக்குச் சென்றார். செஸ்டர் பீட்டி ஆய்வு நிலையத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் எலிகளுக்கு வைரஸால் உண்டாகும் லுகேமியா. நகருக்கு வெளியே ஒரு கொட்டகைதான் ஆய்வுக்கூடம். பிறந்த குட்டிக்கு வைரஸைச் செலுத்தினால், வளர்ந்தபின் அதன் நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் புற்று தொடங்கும். சுரப்பியை அகற்றிவிட்டால் நோய் வராது. வைரஸ் பெருகுவதற்கே தைமஸ் தேவையா என்று பார்க்க விரும்பினார் மில்லர். அதற்கு, வைரஸைச் செலுத்தும் முன்பே, பிறந்தவுடன் சுரப்பியை எடுத்தாக வேண்டும். கட்டைவிரல் அளவுகூட இல்லாத குட்டியின் நெஞ்சைத் திறக்கும் வேலை.

குட்டிகள் பிழைத்தன. ஆனால் பால்குடி மறந்த சில வாரங்களில் மெலிந்து சாகத் தொடங்கின. வைரஸ் செலுத்தப்படாதவையும் செத்தன. லுகேமியா ஆய்வாளருக்கு இது ஒரு தொந்தரவுதான். கேட்ட கேள்விக்கு இதில் விடை இல்லை. மில்லர் அந்தச் சாவுகளைப் பின்தொடர்ந்தார். குட்டிகளின் உடலில் லிம்போசைட் செல்கள் அருகிப்போயிருந்தன. வேற்று இன எலியின் தோலை ஒட்டிப் பார்த்தார். உடல் அதை உதிர்க்கவில்லை. ஒட்டிய இடத்தில் வேறு நிறத்தில் மயிர் செழித்து வளர்ந்தது. தன்னையும் அயலையும் பிரித்தறியும் திறனே அவற்றுக்கு இல்லை.

அதுவரை தைமஸ் என்பது செல்கள் செத்து மடியும் இடுகாடு என்றே பலரும் கருதினர். 1961இல் லான்செட் இதழில் வெளியான மில்லரின் கட்டுரையைப் பலர் நம்பவில்லை. கொட்டகையின் அசுத்தத்தால் எலிகள் செத்திருக்கலாம் என்றார்கள். அவர் அமெரிக்காவுக்குச் சென்று, கிருமிகளே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளிடம் சோதனையைத் திரும்பச் செய்தார். அவை மெலியவில்லை, ஆனால் அயல்தோலை அப்போதும் ஏற்றுக்கொண்டன.

1966இல் மெல்போர்ன் திரும்பினார். மாணவர் கிரஹாம் மிட்சலுடன் சேர்ந்து, லிம்போசைட்டுகளில் இரு வகை உண்டென்று 1968க்குள் நிறுவினார். எலும்பு மஜ்ஜையிலிருந்து வருபவை எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும். தைமஸிலிருந்து வருபவை அதற்குத் துணைநிற்கும். இன்று பி செல், டி செல் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். 2019இல் மாக்ஸ் கூப்பருடன் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

நோயாளியின் டி செல்களையே எடுத்து, மரபணு மாற்றி, புற்றான பி செல்களை அடையாளம் காணப் பழக்கித் திரும்பச் செலுத்தும் சிகிச்சை 2012இல் அமெரிக்காவில் ஒரு சிறுமிக்கு அளிக்கப்பட்டது. அவள் பிழைத்தாள். 2017இல் அங்கே அதற்கு அனுமதி கிடைத்தது. லுகேமியாவைத் தேடிப்போய்த் தற்செயலாய்க் கிடைத்த செல், அரை நூற்றாண்டு கழித்து லுகேமியாவிடமே திரும்பி வந்திருக்கிறது.

நண்பரின் மகனுக்கு அத்தனை காலம் வாய்க்கவில்லை. 2010 கோடையில் போய்விட்டான். அவனுக்கு வந்ததும் பி செல் லுகேமியாதான்.

வெகுநாள் தயங்கி, போன வருடம்தான் இந்தக் கதையை நண்பரிடம் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். அக்காவைப் பற்றிய இடத்தை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "செத்த குட்டிதானேன்னு அந்த மனுசன் தூக்கிப் போட்டிருந்தா?" என்றார். இந்த முறையும் என்னிடம் பதில் இல்லை.