சாலமோனைச் சொல்லாத கற்கள்

எத்தியோப்பியாவின் வடக்கே, டிக்ரே மேட்டுநிலத்தில் அக்சும் என்றொரு பழைய தலைநகரம் இருக்கிறது. அதன் மேற்கு எல்லையில், கோண்டார் போகும் சாலையோரமாக ஒரு பெரிய இடிபாடு. துங்கூர் என்பது அதன் பெயர். படிப்படியாக உள்வாங்கி ஏறும் கற்சுவர்கள், முன்வாசல் படிக்கட்டு, வடிகால், அடுப்பு இருந்த இடம், நடுவே ஒரு மாளிகை, அதைச் சூழ்ந்து தாழ்வான கட்டடங்கள். எல்லாம் சேர்த்துச் சுமார் 50 அறைகள். ஊரில் யாரைக் கேட்டாலும் இது சேபா நாட்டு அரசி வாழ்ந்த அரண்மனை என்றுதான் சொல்வார்கள். எருசலேமுக்குப் போய்ச் சாலமோனைச் சந்தித்தாளே, அதே அரசி.

1960களில் பிரெஞ்சு அகழாய்வாளர் பிரான்சிஸ் ஆன்ஃப்ரே இந்த மேட்டைத் தோண்டியபோது வெளிப்பட்டது, கி.பி. 6ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்து மாளிகை. பெருஞ்செல்வர் ஒருவர் கட்டியிருக்க வேண்டும். சாலமோனின் காலமாகச் சொல்லப்படுவதோ கி.மு. 10ஆம் நூற்றாண்டு. நடுவில் ஏறக்குறைய 1500 ஆண்டுகள். 2008இல் ஜெர்மனியின் ஹம்பர்க் பல்கலைக்கழகக் குழு ஒன்று, துங்கூரின் அடியில் அரசியின் உண்மையான அரண்மனையைக் கண்டுவிட்டதாக அறிவித்தது. தொல்லியலாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. சேபா அரசியின் மீது உலகத்துக்கு இருக்கும் ஆசை எவ்வளவு வலியது என்பதற்கு அந்த அறிவிப்பே போதும்.

அக்சும் முழுவதும் அவள்தான். மழைநீர் தேங்கும் மாய் ஷும் குளம் அவள் குளித்த குளம். துங்கூருக்கு எதிரே வயலுக்குள் நிற்கும் கரடுமுரடான கற்களில் ஒன்று அவள் கல்லறைக்கு அடையாளம். நகரின் நடுவே உள்ள சீயோன் மரியாள் ஆலய வளாகத்தில், மோசேயின் கற்பலகைகள் அடங்கிய உடன்படிக்கைப் பேழை இருப்பதாக நம்பிக்கை. ஒரேயொரு துறவி மட்டும் அதைக் காவல் காக்கிறார். வேறு யாரும் அதைப் பார்க்க முடியாது. இத்தனையையும் ஒரு சரட்டில் கோப்பது ஒரு வம்சாவளி. உலகில் அரசர்கள் தங்களுக்கு எழுதிக்கொண்ட கொடிவழிகளில் இதைப்போல நீண்டகாலம் உயிரோடிருந்து, ஒரு நாட்டின் சட்டமாகவே ஆனது வேறொன்று இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

விவிலியத்தின் முதலாம் அரசர் நூலில் இந்த அரசிக்குப் பெயரில்லை. விடுகதைகளோடும் பொன்னோடும் வாசனைப் பொருள்களோடும் வருகிறாள், சாலமோனின் ஞானத்தைக் கண்டு வியக்கிறாள், தன் நாட்டுக்குத் திரும்புகிறாள். அவ்வளவுதான். அரபு மரபு அவளைப் பில்கீஸ் என்றது. எத்தியோப்பியர்கள் அவளுக்கு மக்கேதா என்று பெயரிட்டு, விவிலியம் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீயெஸில் அமைந்த ‘கெப்ர நகஸ்ட்’, அதாவது ‘அரசர்களின் மகிமை’ என்னும் நூல் அந்தத் தொடர்ச்சியைச் சொல்கிறது.

தம்ரின் என்ற வணிகன் எருசலேமிலிருந்து திரும்பி வந்து சாலமோனின் புகழைச் சொல்ல, அரசி புறப்படுகிறாள். மாதக்கணக்கில் அவன் அரண்மனையில் தங்குகிறாள். ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவில் சாலமோன் ஒரு விருந்து வைக்கிறான். காரமும் மிளகும் தூக்கலாகச் சமைக்கச் சொல்கிறான். “என்னை வற்புறுத்திச் சேர மாட்டேன் என்று ஆணையிடு” என்கிறாள் அரசி. “என் வீட்டுப் பொருள் எதையும் எடுக்க மாட்டேன் என்று நீ ஆணையிடு” என்கிறான் அரசன். நடுச்சாமத்தில் தொண்டை வறண்டு எழுந்தவள், அறையில் வைத்திருந்த நீரை எடுத்துக் குடிக்கிறாள். விழித்தே கிடந்த அரசன் அவள் கையைப் பிடிக்கிறான். தண்ணீரை விட மேலான பொருள் உண்டா, ஆணை முறிந்தது என்கிறான். தந்திரமான ஆண் வென்ற இந்தக் காட்சியைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் மனம் கசக்கும். நூலோ அதை வெட்கமின்றிச் சொல்லி, அதிலிருந்து ஓர் அரச குலத்தை முளைக்க வைக்கிறது.

பிறந்த மகன் மெனெலிக். வளர்ந்து தந்தையைப் பார்க்கப் போகும்போது, தாத்தா தாவீதின் சாயல் அப்படியே அவனிடம் இருப்பதைக் கண்டு ஊரே திகைக்கிறது. சாலமோன் அவனைத் தன்னோடு இருத்திக்கொள்ளப் பார்க்கிறான், அவன் இசையவில்லை. அபிஷேகம் செய்து, இஸ்ரவேல் பிரபுக்களின் தலைப்பிள்ளைகளைத் துணையாகக் கொடுத்து அனுப்புகிறான். புறப்படும்போது குருவின் மகன் அசரியா, ஆலயத்திலிருந்த பேழையையே யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்துவிடுகிறான். கடவுளின் அருள் எருசலேமை விட்டு எத்தியோப்பியாவுக்குக் குடிபெயர்ந்தது என்பதுதான் இதன் பொருள்.

இங்கே கவனிக்க வேண்டியது மூப்பு. மெனெலிக் சாலமோனின் தலைமகன். எருசலேமில் பட்டமேறிய ரெகோபெயாம் இளையவன். ரோமாபுரி அரசனையும் எத்தியோப்பிய அரசனையும் எதிரெதிரே நிறுத்தி, உலகத்தை இருவருக்குமாகப் பிரிக்கும் நூல், மூத்தவனுக்குரிய மேன்மையை எத்தியோப்பியாவுக்கே தருகிறது. ஆப்பிரிக்காவின் மலைநாட்டு அரசு ஒன்று, யாருக்கும் கீழ்ப்படியாத மூத்த பிள்ளையாகத் தன்னை எழுதிக்கொண்ட துணிவு இது. கடன் வாங்கிய பெருமை என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

ஆனால் இந்தக் கொடிவழிக்கு ஒரு தேவை இருந்தது. அக்சும் அரசு சரிந்தபின், 12ஆம் நூற்றாண்டிலிருந்து ஸாக்வே வம்சத்தார் ஆண்டார்கள். லாலிபெலாவில் பாறையைக் குடைந்த 11 ஆலயங்கள் அவர்கள் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. அங்கே ஓடும் ஓடைக்கு யோர்தான் என்றே பெயர். அவர்களுக்கும் ஒரு விவிலிய வேர் இருந்தது. 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எகிப்தில் எழுதப்பட்ட ஓர் அரபு நூல், அன்றைய எத்தியோப்பிய அரசர்கள் மோசே, ஆரோன் குடும்பத்தார் என்கிறது. பேழைக்கு ஊழியம் செய்பவர்களைத்தான் அது தாவீதின் மரபினர் என்கிறது.

1270இல் யெகுனோ அம்லாக் ஸாக்வே அரசனை வென்று அரியணை ஏறினான். வாளால் வந்தது நிலைக்க வேண்டுமானால் உரிமையும் வேண்டும். தான் அக்சுமின் கடைசி அரசனின் வழித்தோன்றல், அதனால் மெனெலிக்கின் வழித்தோன்றல் என்ற பேச்சு எழுந்தது. மோசேயின் கொடியைச் சாலமோனின் கொடி வென்றது. இரண்டு தலைமுறைக்குள், அக்சும் ஆலயத்தின் தலைவர் யெஸ்ஹக்கும் அவருடைய தோழர்களும் கெப்ர நகஸ்ட்டை வடித்தார்கள். நூலின் முடிவுரையில் அவர்கள் ஒன்றைச் சொல்கிறார்கள்: கோப்து மொழியிலிருந்து 1225 வாக்கில் அரபுக்கு வந்த இந்த நூல் அப்போதே கீயெஸுக்கு வராமல் போனது ஸாக்வேக்களின் காலமானதால்; அவர்கள் இஸ்ரவேலர் அல்லர். ஆட்சி மாறியதன் நியாயம் அந்த ஒரு குறிப்பிலேயே அடங்கியிருக்கிறது.

இப்போது அக்சுமின் கற்களிடம் வரலாம். 4ஆம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட எஸானாவின் கல்வெட்டு கிரேக்கத்திலும், கீயெஸில் இரண்டு எழுத்துமுறைகளிலும் பொறிக்கப்பட்டது. அதன் கிரேக்கப் பகுதியை 1805இல் ஆங்கிலேயர் ஹென்றி சால்ட் படியெடுத்தார். அதே செய்தியைத் தாங்கிய இன்னொரு கல் 1980களில் உழவர்கள் கண்ணில் பட்டது. இன்று அது காலெப் அரசனின் கல்லறைக்குப் போகும் மேட்டுப்பாதையோரம் ஒரு சிறு குடிசைக்குள் நிற்கிறது. பேஜா மக்களை அடக்கியதைச் சொல்லும் அந்தக் கல்லில் எஸானா தன் பட்டங்களை அடுக்குகிறான்: அக்சும் அரசன், ஹிம்யர் அரசன், சபா அரசன்... சபா, அதாவது சேபா, அங்கே இருக்கிறது, செங்கடலுக்கு அப்பால் அவன் உரிமை கோரும் ஒரு நாடாக. சபாவின் அரசி என்று ஒரு பாட்டி இருந்திருந்தால், சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அவன் சொல்வதோ, தான் வெல்ல முடியாத மஹ்ரெம் தெய்வத்தின் மகன் என்பது. கிரேக்கப் பகுதியில் அந்தத் தெய்வம் போர்க்கடவுள் ஆரெஸ்.

பிறகு எஸானா கிறிஸ்தவனானான். பிறையும் வட்டமும் இருந்த அவன் நாணயங்களில் சிலுவை வந்தது. அடுத்த கல்வெட்டில் வானத்து ஆண்டவரைத் துதிக்கிறான், மஹ்ரெமின் மகன் என்பதை விட்டுவிடுகிறான். அந்தக் காலியிடத்தில் சாலமோன் வரவில்லை. 6ஆம் நூற்றாண்டை எட்டும்போது அரசர்கள் காலெப் என்றும் இஸ்ரவேல் என்றும் விவிலியப் பெயர்களைச் சூட்டிக்கொள்கிறார்கள். பிற்காலக் கதைக்கு வித்து அங்கே விழுந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆயினும், தான் சாலமோன் வழிவந்தவன் என்று சொல்லும் அக்சும் அரசனின் கல்வெட்டு ஒன்றுகூட இல்லை.

எனக்கு வருத்தம் தருவது இதுதான். 33 மீட்டர் நீளத்தில், ஏறக்குறைய 500 டன் எடையில் ஒரே கல்லைச் செதுக்கினார்கள் அக்சும் சிற்பிகள். அடுக்குமாடி வீட்டைப்போல அதில் போலிக் கதவும் சன்னல்களும் உத்தர முனைகளும் வடித்தார்கள். நிறுத்தும்போதே அது விழுந்து உடைந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இன்றும் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. 24 மீட்டர் உயர இன்னொரு கல்லை முசோலினியின் படை 1937இல் ரோமுக்குக் கொண்டுபோனது. 2005இல் திரும்பி வந்து, 2008இல் மீண்டும் நின்றது. இவற்றைச் செய்தவர்களுக்கு எருசலேமின் சிபாரிசு வேண்டியதில்லை. துங்கூரில் வாழ்ந்த குடும்பத்தின் அறைகளும் அடுப்பும் படிகளும் ஒருபோதும் அங்கே வராத அரசி ஒருத்தியின் பெயரில் எழுதப்பட்டுவிட்டன.

இருந்தாலும் அந்தக் கொடிவழியை மக்கள் ஏட்டில் மட்டும் வைத்திருக்கவில்லை, வாழ்ந்தார்கள். முடிசூட அக்சுமுக்கு வரும் அரசனை ஊர் எல்லையில் ‘சீயோனின் குமாரத்திகள்’ என்ற பெண்கள் ஒரு கயிற்றைக் குறுக்கே பிடித்து மறிப்பார்கள். “நீ யார்?” என்பார்கள். “எத்தியோப்பியாவின் அரசன்” என்றால் வழி கிடையாது. “இஸ்ரவேலின் அரசன்” என்றாலும் கிடையாது. மூன்றாம் முறை “நான் சீயோனின் அரசன்” என்று சொல்லி வாளால் கயிற்றை அறுத்தால்தான் உள்ளே போகலாம். 1436இல் ஸாரா யாக்கோப் இங்கே முடிசூடினான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுசென்யோஸ். 1530களில் அகமது கிரான் என்ற படைத்தலைவனின் படையெடுப்பில் பழைய ஆலயமே அழிந்தபோதும் இந்த ஊரின் உரிமை அழியவில்லை.

1868இல் ஆங்கிலேயப் படை மக்தலா கோட்டையைப் பிடித்து, பேரரசர் தியோட்ரோஸ் சேர்த்து வைத்திருந்த சுவடிகளை வாரிக்கொண்டு போனது. லண்டன் போன சுவடிகளில் கெப்ர நகஸ்ட்டும் ஒன்று. 1872இல் அக்சுமில் முடிசூடிய நான்காம் யோஹன்னஸ், அதைத் திருப்பித் தருமாறு கடிதம் எழுதினார். அந்த நூல் இல்லாமல் என் மக்கள் எனக்குக் கீழ்ப்படிய மாட்டார்கள் என்பது கடிதத்தின் சாரம். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அந்தச் சுவடியைத் திருப்பி அனுப்பியது. மக்தலாவில் கொள்ளைபோனவற்றுள் பெரும்பாலானவை இன்றும் வெளிநாடுகளில் இருக்கும்போது, அந்த ஒரு நூல் உடனே வீடு திரும்பியதன் காரணம் இந்த வம்சாவளிதான்.

1955இல் பேரரசர் ஹெய்லி செலாசி வெளியிட்ட அரசியல் சாசனத்தின் இரண்டாம் பிரிவு, சேபா அரசிக்கும் எருசலேம் அரசர் சாலமோனுக்கும் பிறந்த முதலாம் மெனெலிக்கின் வம்சம் அறாமல் தம்வரை வருவதாகச் சட்டமாகவே எழுதியது. மெனெலிக்கிலிருந்து 225ஆவது அரசர் அவர் என்று எண்ணினார்கள். ‘யூதா கோத்திரத்தின் வெற்றிச் சிங்கம்’ என்பது பட்டம். 1974 செப்டம்பர் 12 அன்று ராணுவக் குழு அவரைப் பதவியிறக்கியது, அந்தச் சாசனமும் முடக்கப்பட்டது.

சாலமோனை விலக்கிவிட்டால் சபா என்ற பெயரும் போய்விடுமா? போகாது. அக்சுமுக்கு வடகிழக்கே யேஹா என்ற சிற்றூரில், சாந்தில்லாமல் இழைத்து அடுக்கிய கற்களால் ஒரு கோயில் 14 மீட்டர் அளவுக்கு இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. கி.மு. 7ஆம் நூற்றாண்டை ஒட்டியது. பின்னாளில் அதை ஆலயமாக்கிக்கொண்டதால் தப்பியது. உள்ளே வணங்கப்பட்டவர் அல்மகஹ், தென் அரேபியச் சபாவின் பெருந்தெய்வம். வூக்ரோவுக்கு அருகில் 2007இல் அதே தெய்வத்தின் பலிபீடம் ஒன்று எழுத்துகளோடு கிடைத்தது. இந்த மேட்டுநிலத்தில் அன்றிருந்த அரசின் பெயர் தஅமத். அதன் அரசர்கள் தங்கள் பட்டத்தில் தஅமத்தோடு சபாவையும் சேர்த்துப் பொறித்தார்கள். செங்கடலின் இரு கரைகளும் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலம் அது. அந்தப் பழைய கல்வெட்டுகள் சிலவற்றில் அரசனோடு அரசியின் பெயரும் வருகிறது. ஓர் அரசன் தந்தையோடு தாயின் பெயரையும் சொல்கிறான். மக்கேதா அந்தப் பெயர்களில் இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் வாழ்ந்தவர்கள், தங்கள் பெயரைத் தாங்கிய கற்களுக்கு உரியவர்கள்.