மாடி அறைக்குப் பலகைத் தரை

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் எங்கள் வீட்டு மாடி, மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்கள், குறுக்கே கட்டைகள், அவற்றின் மேல் சாய்த்து நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்த மெல்லிய செங்கல். மாடி அறைத் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் டைல்ஸ் போடச் சொன்னார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு அங்குலக் கலவையும் டைல்ஸும் சேர்ந்தால் சதுர அடிக்குப் பத்து கிலோவுக்கு மேல். 120 சதுர அடிக்கு ஒரு டன்னைத் தாண்டும். அத்தனையும் அந்த உத்திரங்களின் தலையில். சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி.யும் சேர்த்து அழுத்திய எஸ்.பி.சி. பலகை, ஐந்து மில்லிமீட்டர் கனத்தில், சதுர அடிக்கு ஒரு கிலோ அளவுதான். கலவை வேண்டாம், பசை வேண்டாம். ஒன்றின் நாக்கு அடுத்ததன் காடியில் பூட்டிக்கொள்ளும். நாளைக்குக் கழற்றியும் எடுக்கலாம். பழைய வீட்டில் எதைச் செய்தாலும் பிறகு கழற்ற முடிய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆள் வைக்காமல் நானே இறங்கினேன்.

பலகைகள் முதலில் அந்த அறையிலேயே கிடந்து அங்குள்ள சூட்டுக்குப் பழக வேண்டும். அதற்குள் தரையைச் சரிசெய்யலாம்; உண்மையில் வேலையே அதுதான். மட்டக்கோலை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிற பள்ளத்தையெல்லாம் சாக்கட்டியால் வட்டமிட்டு அடைத்தேன். பள்ளத்தின் மேல் பலகை நின்றால் மிதிக்க மிதிக்கப் பூட்டு விட்டுப்போகும்.

நூல் பிடித்தால் எந்தச் சுவரும் நேராக இல்லை. கடைசி வரிசையில் ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே அளந்து அறுக்க வேண்டியிருந்தது. சுவரோரம் எட்டு மில்லிமீட்டர் விட்டேன். திருச்சி மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். மேற்கு ஜன்னல் வெயிலில் பலகை நீளும், இடமில்லாவிட்டால் நடுவில் தூக்கிக்கொள்ளும். அந்தச் சந்தை மறைக்கும் ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், பலகையில் அல்ல.

வாசல் நிலையின் அடியை அறுத்துப் பலகையை உள்ளே செருகுவதுதான் வழக்கம். தாமரை செதுக்கிய தேக்கு நிலையில் ரம்பம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. காகிதத்தை நிலைக்காலோடு ஒட்டிப் பிடித்து, நகத்தால் வளைவுகளை அழுத்திப் படியெடுத்து, பலகையை அந்த வடிவத்துக்கு மெல்லிய ரம்பத்தால் அறுத்தேன். அறையிலேயே அதிக நேரம் வாங்கியது அந்த ஒரு துண்டுதான்.

அம்மா மேலே வந்து பார்த்தாள்.

“தண்ணி விட்டு அலம்பலாமாடா?”

“வேண்டாம்மா. ஈரத்துணியால துடைச்சாப் போறும்.”

“வெள்ளிக்கிழமை கோலம்?”

“அது ரேழியில போட்டுக்கோ.”

அவளுக்கு அரைச் சம்மதம்தான்.

பக்கத்து வீட்டு மாமா தன் கூடத்துக்கும் இதையே போடலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற தீவு இது. கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்த 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் கீழ்க்கட்டுச் சுவர்களில் ஓதம் ஏறிக் காரை பொரிந்து உதிர்ந்தது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் உலர வழி வேண்டும். மேலே பிளாஸ்டிக் பலகையால் மூடினால் அடியில் பூஞ்சைதான். அவர் கூடத்தில் இருப்பதோ கண்ணாடிபோல் இழைத்த சிவப்புக் காவித் தரை. தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தாலே மினுமினுக்கும். வெடித்த மூலையை மட்டும், காவி இழைக்கத் தெரிந்த வயதான கொத்தனார் யாரையாவது பிடித்துச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன். மாடி அறைக்கு என்றால் நானே மட்டக்கோலோடு வருகிறேன்.