கழுகுக்குக் கீழே 140

விற்பவரிடம் ஒரு கதை இருந்தது. 1930களில் நெதர்லாந்து அரசி வில்ஹெல்மினாவின் படைக்காக வாங்கப்பட்ட பிஸ்டல் இது; போர் முடிந்ததும் ஒரு டச்சு அதிகாரி இதை என் தகப்பனாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்; தகப்பனார் காலமானபின் அவருடைய ஆயுத அலுமாரியை இப்போது தான் ஒதுக்குகிறேன் என்றார். எங்கள் ஊர்ச் சுடுநர் சங்கத்தில் நெடுநாள் பழக்கமுள்ள சுவிஸ்காரர், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஆனால் தகப்பன் சொன்னதைத்தான் மகன் சொல்கிறார். தகப்பனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க இனி ஆளில்லை. அவர் கேட்ட விலையிலோ அந்தக் கதைக்கும் ஒரு பங்கு சேர்ந்திருந்தது.

எனக்குப் பழக்கமானவை சுவிஸ் படையின் பிஸ்டல்கள்தான். சங்கத்தில் பாராபெல்லமும் சிக் பி210உம் கையில் எடுத்திருக்கிறேன். இந்தப் பெல்ஜியச் சாமானோ எனக்குப் புதிது. ஆனால் சீவனோபாயமாக நான் செய்வது உலோகக் கடைசல் வேலை. எந்த இரும்பு எந்த அவசரத்தில் வெட்டப்பட்டது என்று பார்த்தால் பிடிபடும். கதைக்கு எவ்வளவு, இரும்புக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அந்தக் கண் போதுமென்று தோன்றியது. ஓர் இரவல் விளக்கும் பூதக்கண்ணாடியும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்தேன்.

முதல் வேலை எப்போதும் ஒன்றுதான். மகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, குழலின் அறைக்குள் தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. மகசின் வெளியே வந்தால் பிஸ்டல் வெறுமை என்று நினைத்து உயிரை விட்டவர்கள் உலகமெங்கும் உண்டு. அதன் பிறகுதான் வாசிப்பு.

ஸ்லைடின் இடப்பக்கம் பிரெஞ்சில் எழுதியிருந்தது: ஃபப்ரிக் நசியோனால் தார்ம் து கேர், ஹெர்ஸ்தால், பெல்ஜிக். அடுத்த வரியில் பிரௌனிங்கின் பெயரும் காப்புரிமைக் குறிப்பும். ஆக, இது எஃப்.என். 1922 மாதிரி, 7.65 மில்லிமீற்றர் பிரௌனிங் தோட்டா, மகசினில் ஒன்பது.

ஹெர்ஸ்தால் என்பது லியேஜ் நகரத்தை ஒட்டி மியூஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். பெல்ஜியப் படைக்கு 1,50,000 மௌசர் துப்பாக்கிகள் செய்துகொடுப்பதற்கென்றே 1889இல் அங்கே எஃப்.என். தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தவரான ஜோன் மோசஸ் பிரௌனிங்கின் பிஸ்டல் வடிவமைப்புகள் வந்து சேர்ந்த பிறகு அது பிஸ்டலுக்குப் பேர்போன தொழிற்சாலையானது. அவர் இறந்ததும் அங்கேதான்: 1926 நவம்பர் 26, தொழிற்சாலைக்குள், மகனின் அலுவலகத்தில். அவருடைய 1910 மாதிரியில் பின்னடிச் சுருளை குழலைச் சுற்றியே அமைத்திருந்தார். அதனால் பிஸ்டல் மெலிந்து, சட்டைப் பைக்குள் அடங்கும் அளவுக்கு வந்தது.

1922 மாதிரிக்குக் காரணம் பால்கன். 1923இல் செர்பியர், குரோவாசியர், ஸ்லோவேனியர் இராச்சியம் தன் படைக்காக 60,000 பிஸ்டல்கள் கேட்டது. 1910 மாதிரியே வேண்டும், ஆனால் குழல் நீளமாக, தோட்டா கூடுதலாக இருக்க வேண்டும் என்பது கோரிக்கை. எஃப்.என். புதிய ஸ்லைடுக்கு இயந்திரங்களை மாற்றி அமைக்கவில்லை. பழைய ஸ்லைடின் மூக்கில் ஒரு தனித் துண்டைச் செருகித் திருகிப் பூட்டும்படி செய்து, நீண்ட குழலை அதற்குள் ஒளித்தது. கைப்பிடியை மட்டும் நீட்டியது. ஏறத்தாழ 88 மில்லிமீற்றர் குழல் 114 ஆனது. கடைசல்காரன் எவனும் இதைப் பார்த்தால் சிரிப்பான், பிறகு மெச்சுவான்: இருக்கிற அச்சை வைத்தே புதிய சாமான்.

அந்த மூக்குத் துண்டைத்தான் நான் முதலில் ஆட்டிப் பார்த்தேன். சுருளின் அழுத்தம் முழுவதையும் அதன் பூட்டுத்தான் தாங்குகிறது. தேய்ந்திருந்தால் துண்டு ஆடும். இது ஆடவில்லை.

அரசியின் முத்திரையைத் தேடினேன். நெதர்லாந்துப் படைக்குப் போன பிஸ்டல்களில் கிரீடம் தரித்த ஒரு ‘டபிள்யூ’ இருக்கும், வில்ஹெல்மினாவின் முதலெழுத்து. மேலே, பக்கவாட்டில், விசைக்காப்பில், எங்கும் இல்லை. லியேஜ் சோதனைச் சாலையின் முத்திரைகளும் இல்லை. 1672இலிருந்து அந்த நகரத்துத் துப்பாக்கிக் குழல்களைச் சோதித்துவரும் சாலை அது. நகரச் சதுக்கத்தில் நிற்கும் பெரோன் தூணையே முத்திரைகளில் ஒன்றாகக் கொண்டது. போருக்கு முந்தைய எஃப்.என். பிஸ்டலில் அந்தத் தூண் இருந்திருக்க வேண்டும்.

இடப்பக்கத்தில் ஒரு கீறல் போல ஏதோ தெரிந்தது. நேரே பார்த்தால் அழுக்கு. விளக்கை மேசைமட்டத்துக்குத் தாழ்த்தி வெளிச்சத்தைச் சாய்வாக விட்டேன். கீறலுக்கு இரண்டு சிறகு முளைத்தது. கழுகு, அதன் கீழே மூன்று இலக்கங்கள், நடுவிலுள்ளது பாதி கரைந்தபடி: 140.

1940 மேயில் பெல்ஜியம் வீழ்ந்ததும் ஜேர்மானியர் ஹெர்ஸ்தாலைக் கைப்பற்றித் தங்களுக்காக ஓட்டத் தொடங்கினார்கள். அவர்களுடைய பட்டியலில் இந்த 7.65 பிஸ்டலின் பெயர் ‘பிஸ்டோலே 626’, பக்கத்தில் பெல்ஜியத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து. ஆக்கிரமிப்புக் காலத்தில் மட்டும் மூன்றரை இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். படைக்கலப் பரிசோதகர் ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கழுகும் எண்ணும் பொறித்தார்: முதலில் 613, பிறகு 103, கடைசியில் 140. இந்தப் பிஸ்டலின் தொடரிலக்கத்தின் வாலில் ஓர் எழுத்தும் ஒட்டியிருந்தது. அதுவும் பிந்திய காலத்துப் பழக்கம். 1944 செப்டெம்பரில் லியேஜ் விடுபட்டது. அந்த எல்லைக்கு முந்திய சில ஆண்டுகளுக்குள்தான் இது பிறந்திருக்க முடியும். 1930களில் அரசியின் படைக்காக இது வாங்கப்பட்டிருக்கவே முடியாது.

இலக்கத்தைப் பார்த்த கையோடு மூன்று இடங்களை ஒப்பிட்டேன்: சட்டகம், ஸ்லைடு, வெற்றுக் கோது தெறிக்கும் திறப்பின் வழியே தெரியும் குழல். மூன்றும் ஒன்றே. பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள். ஒன்று பிசகினாலும் எங்கோ ஒரு பட்டறையில் துண்டுகள் கலந்துவிட்டன என்று அர்த்தம்.

ஆனால் இலக்கங்கள் ஒரே மாதிரி இருக்கவில்லை. குழலில் இருந்தவை நேற்றுப் பொறித்தவை போலக் கூர்மை. ஸ்லைடிலும் சட்டகத்திலும் அதே எண்கள் சவர்க்காரம் கரைந்ததுபோல் ஓரம் மழுங்கியிருந்தன. ஸ்லைடின் விளிம்புகளும் உருண்டிருந்தன. நீல மெருகு மட்டும் புத்தம் புதிது போல் கருகருவென்றிருந்தது. வீட்டுக்காரர் அதையே பெருமையாகக் காட்டினார், “பாருங்கள், எப்படி வைத்திருந்திருக்கிறார்!” அவரிடம் கேட்டுக்கொண்டு கைப்பிடியின் திருகைக் கழற்றினேன்.

கைப்பிடித் தகடுகள் கறுப்பு, எஃப்.என். என்று பின்னிய எழுத்தோடு. போருக்கு முந்தைய தோற்றம். போர்க்காலப் பிஸ்டல்களுக்குப் பெரும்பாலும் மரத் தகடுதான். தகட்டை எடுத்ததும் உள்ளே வேறொரு பிஸ்டல் இருந்தது. வெளிப்பக்கம் கண்ணாடி; உள்ளே வெட்டுக்கருவி ஓடிய தடங்கள் வரிவரியாக, அரம் கொண்டு ஒருதரம்கூட நீவாமல். அதன்மேல் மெல்லிய, சாம்பல் தட்டிய பழைய நீலம். அந்தத் தடங்களின் இடைவெளியைப் பார்த்தாலே போதும்: கருவியை வேகமாக ஓட்டி, அடுத்த துண்டுக்குத் தாவியிருக்கிறார்கள். அமைதிக் காலத்து எஃப்.என். இப்படி வெளியே விடாது. ஆக, போருக்குப் பிறகு யாரோ வெளிப்புறத்தைத் தேய்த்து மெருகேற்றி, புதிதாக நீலமிட்டு, பழைய பாணித் தகடுகளையும் போட்டிருக்கிறார்கள்.

வலப்பக்க ஸ்லைடில் இன்னொன்று. சன்னலின் சட்டம் அதில் நேர்கோடாகப் பிரதிபலித்தது. ஓரிடத்தில் மட்டும் கோடு லேசாக உள்வாங்கியது. சமமாகத் தேய்த்த பரப்பு அப்படி வளையாது. அங்கே பொறித்திருந்த ஏதோ ஒன்றை அரத்தால் எடுத்திருக்கிறார்கள். போருக்குப் பிறகு டச்சுப் பொலிசும் மேற்கு ஜேர்மன் பொலிசும் இந்த மாதிரியை நெடுங்காலம் வைத்திருந்தன. படைக்கல அறைகள் தேய்த்து நீலமிடுவதும், கழித்து விற்கும்போது சொத்துக்குறியை அழிப்பதும் வழமை.

அதற்குப் பிறகுதான் சுடுமா என்ற கேள்வி. குழலின் வாயில் விளக்கைப் பிடித்துப் பின்னாலிருந்து பார்த்தேன். புரிகள் கூர்மையாக இருந்தன. ஆனால் அறைக்கு அருகே சின்னச் சின்னக் குழிகள். அந்தக் காலத்துத் தோட்டா மூட்டிகளில் பொட்டாசியம் குளோரேற்று இருக்கும். சுட்டபின் அது உப்பாகப் படிந்து ஈரத்தை இழுக்கும். அன்றிரவே கழுவாவிட்டால் துரு தொடங்கிவிடும். குழிகளால் பெரிய கேடில்லை. கேடு வீக்கம்: முந்தின குண்டு அடைத்திருக்க அடுத்தது போனால் குழல் உள்ளே புடைத்து, வட்டமாக ஒரு நிழல் விழும். அது இல்லை.

போலித் தோட்டா போட்டு மூன்று பூட்டுகளையும் பார்த்தேன். பெருவிரல் பூட்டைப் போட்டால் விசை இறுக வேண்டும். கைப்பிடியின் பின்புறத்தை அழுத்தாமல் விசையை இழுத்தால் ஊசி விழக்கூடாது. மகசினைக் கழற்றினாலும் விழக்கூடாது. முதல் இரண்டும் சரி. மூன்றாவது வேலை செய்யவில்லை: மகசின் இல்லாமலே ‘டிக்’ என்றது. விசை இலகுவாக வேண்டுமென்று சிலர் அந்த மகசின் பூட்டின் நெம்பை வேண்டுமென்றே கழற்றிவிடுவதுண்டு. ஒரு துப்பாக்கித் தச்சர் திறந்து பார்க்காமல் இதில் தோட்டா ஏற்றக்கூடாது என்று அப்போதே முடிவாயிற்று.

வாங்குவதென்றால் கன்டோன் பொலிசின் கொள்வனவு அனுமதி வேண்டும். 1870க்கு முன் செய்ததைத்தான் சுவிஸ் சட்டம் தொல்பொருளாகக் கொள்கிறது. இதற்கு அந்தச் சலுகை கிடையாது. ஆயுத ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவு சில நாட்டுப் பிரஜைகள் ஆயுதம் வாங்குவதையே தடுக்கிறது. துருக்கி, அல்ஜீரியா, அல்பேனியாவோடு இலங்கையும் அதில் உண்டு. சுவிஸ் கடவுச்சீட்டு கிடைக்கும்வரை நான் இந்த மேசைக்கு வந்தே பயனில்லை. அதே பட்டியலில் செர்பியாவும் இருக்கிறது. இந்தப் பிஸ்டல் பிறக்கக் காரணமான இராச்சியத்தின் வாரிசு நாட்டவருக்கு இன்றைக்கு இதை வாங்கத் தடை.

ஊரில் துவக்கைக் கண்டால் ஒதுங்கி நின்று வளர்ந்தவன் நான். யாருடைய கையில் இருந்தது, யாரை நோக்கி நீண்டது என்பதுதான் எங்களுக்கு முதல் கேள்வி. இந்த இரும்பு அதற்கு ஒரு சொல்லும் சொல்லாது. செய்த கம்பனி கையெழுத்திட்டது, ஏற்றுக்கொண்ட பரிசோதகர் கையெழுத்திட்டார், வைத்திருந்த நிறுவனம் கையெழுத்திட்டுப் பின் அழித்தது. இடுப்பில் கட்டியவன் எங்கும் கையெழுத்திடவில்லை. 1914இல் சராயேவோவில் கவ்ரிலோ பிரின்சிப் சுட்டது இதன் மூத்த சகோதரம், 1910 மாதிரி, இலக்கம் 19074. இன்று வியன்னாப் படை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த இலக்கத்தோடு ஓர் ஆளின் பெயர் சேர்ந்து நிற்கக் காரணம் வழக்குக் கோவை. அப்படியிருந்தும் அது 1900 மாதிரி என்றே பல புத்தகங்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. வழக்கும் கோவையும் இல்லாத பிஸ்டலுக்கு ஆளைச் சேர்ப்பது வாய்க்கதை ஒன்றுதான்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் விளக்கின் கீழ் காட்டினேன். கழுகைப் பார்த்ததும் முகம் மாறியது. “அப்போ அப்பா சொன்னது பொய்யா?” என்றார்.

“பாதிதான். ஒரு டச்சுக்காரர் கொடுத்திருக்கலாம். பொலிசிலிருந்து கழிந்து வந்திருக்கலாம். அரசிதான் இதில் இல்லை.”

மறுபடி நீலமிட்ட, தகடு மாறிய, ஒரு பூட்டு வேலை செய்யாத, ஆனால் மூன்று இலக்கமும் பொருந்திய போர்க்காலப் பிஸ்டலுக்கு என்ன விலையோ அதைச் சொன்னேன். அவர் கேட்டதில் மூன்றிலொரு பங்கு குறைந்தது. யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அனுமதி வந்ததும் வாங்கி, நேரே தச்சரிடம் கொடுத்தேன். நெம்பு உள்ளே இல்லை என்று அவரும் உறுதி செய்தார்.

பிஸ்டலோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், நடுவே கோடு போட்டு. இடப்பக்கம் இரும்பில் பார்த்தவை, வலப்பக்கம் ஆட்கள் சொன்னவை. டச்சு அதிகாரி வலப்பக்கத்தில் இருக்கிறார். அவரை அழிக்க எனக்கு உரிமையில்லை. நாளைக்கு இதை என்னிடம் வாங்க வருகிறவர் இரண்டு பக்கத்தையும் வாசிக்கட்டும். விலை கேட்டால் இடப்பக்கத்துக்கு மட்டும்தான் சொல்லுவேன்.