விட்டுப்போன ஃபெர்ரி

அப்போதெல்லாம் பினாங்குத் தீவிலிருந்து அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போக ஃபெர்ரிக்குக் காசு கிடையாது. அங்கிருந்து தீவுக்குத் திரும்பும்போதுதான் கட்ட வேண்டியிருந்தது. 1985-இல் பாலம் திறந்த பிறகும் எங்களைப் போல வண்டி இல்லாத குடும்பங்களுக்கு ஃபெர்ரிதான் பாலம். கீழ்த்தளத்தில் லாரியும் காரும், மேல்தளத்தில் நாங்கள். ஒவ்வொரு ஃபெர்ரிக்கும் ஒரு தீவின் பெயர் வைத்திருப்பார்கள். தூரத்தில் வரும்போதே புகைபோக்கியையும் சாயத்தையும் பார்த்து இது உண்டான், இது ராவா என்று அண்ணன் சொல்லிவிடுவான். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது சின்னம்மா.

சின்னம்மா, அம்மாவின் தங்கை. பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் மூன்று ஷிஃப்ட் வேலை. எழுபதுகளில் அங்கே ஃபேக்டரிகள் வந்த பிறகு எங்கள் தெருவில் பாதிப் பெண்களை ஃபேக்டரி பஸ்தான் விடியற்காலையில் அள்ளிக்கொண்டு போகும். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் காலை வெயிலில் ஐந்தடியில் (கடைவீடுகளின் முன்தாழ்வாரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) முக்காலி போட்டு உட்கார்ந்து, நீல யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல், என் தலையைப் பின்னிவிட்டுத்தான் தூங்கப் போவாள். நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் மயிரிழைக் கம்பியைப் பார்க்கிற கண் அவளுக்கு. வகிடு எடுத்தால் ஒரு முடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகாது. அம்மா பின்னினால் நான் அழுவேன்.

அவளுக்கு இருபத்தைந்து வயதாகியும் வரன் அமையவில்லை என்பது பாட்டியின் ஒரே கவலை. குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டாயிற்று. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தாயிற்று. கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டாள். ஜூலை மாதம் அன்னம்மாள் திருவிழா வந்தால் பினாங்கில் கிறிஸ்தவர், இந்து என்று பார்க்க மாட்டார்கள். குன்றின் மேல் இருக்கும் பழைய கோயிலுக்கு ஏறி மெழுகுவர்த்தி கொளுத்தி, ஊற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு வருவார்கள். சீனர்களும் அப்படித்தான். பாட்டிக்கு மூட்டுவலி. அவளுக்குப் பதிலாகச் சின்னம்மாவே போய் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வரட்டும் என்று முடிவாயிற்று.

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் நானும்கூடப் போவதாக இருந்தது. எனக்குப் பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் இரண்டும் உப்பிவிட்டதால் அம்மா வீட்டில் தங்கிவிட்டாள். அப்பாவுக்குத் துறைமுகக் குடோனில் ஓவர்டைம், ஞாயிறு என்றால் இரட்டைச் சம்பளம். ஆக, சின்னம்மாவும் அண்ணனும் மட்டும் புறப்பட்டார்கள். அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. மஞ்சள் பத்து போட்ட கன்னத்தோடு மாடி ஜன்னலில் இருந்து நான் கை காட்டினேன். சின்னம்மா திரும்பிப் பார்த்து, தன் கன்னத்தையும் என்னைப் போலவே உப்பிக் காட்டிவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிறு தீவில் சீனர்களின் குவான் யின் அம்மனுக்குப் பெரிய விழா. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்றார்கள். அதனால் அன்று பட்டர்வொர்த் ஜெட்டிக்கு இரண்டு கூட்டம் வந்து சேர்ந்தது. ஒன்று குவான் யின் விழா பார்க்கத் தீவுக்கு வரும் கூட்டம். மற்றது அன்னம்மாள் கோயிலில் இருந்து வீடு திரும்பும் கூட்டம். மாலையில், ஃபெர்ரிக்காக நெருக்கியடித்து நின்றவர்களைத் தாங்க முடியாமல் சுல்தான் அப்துல் ஹலிம் ஃபெர்ரி முனையத்தின் மேல்தளம் இடிந்து கீழே விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். 1,634 பேர் காயப்பட்டார்கள்.

எங்களுக்கு முதலில் வந்தது ஓசைதான். கடலோர வெல்ட் கீ பக்கமிருந்து ஆம்புலன்ஸ் சத்தம், அடுத்தடுத்து. பிறகு தெருவில் ஆட்கள் ஓடினார்கள். யாரோ, "ஜெட்டி ஒடஞ்சி போச்சாம்" என்றார்கள். எங்கள் பக்கத்து ஜெட்டியைத்தான் சொல்கிறார்கள் என்று அம்மா முதலில் நினைத்தாள். பாட்டி மட்டும் உடனே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா குடோனில் இருந்து அப்படியே ஒரு நண்பரின் வேனில் பாலம் வழியாகப் போனார். விடியற்காலை வந்தவர் அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கணுக்காலில் மாவுக்கட்டு, புருவத்துக்கு மேலே தையல், காதுக்குள்ளும் இமையிலும் சிமென்ட் தூசு. கழுவாதீங்க, தூங்கட்டும் என்றார் அப்பா. சின்னம்மாவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. மறுநாள் பிற்பகல்தான் சின்னம்மா வீட்டுக்கு வந்தாள்.

சாவு வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஃபேக்டரித் தோழிகள் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வரிசையாக வந்தார்கள். மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றி ஐந்தடியில் நேராக அடுக்கிவிட்டு உள்ளே வந்தது நன்றாக நினைவிருக்கிறது. பாட்டி அழவில்லை. சாமி மாடத்தைப் பார்த்து, "ரெண்டு தாயும் பாத்துக்கிட்டுதானே இருந்தாங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அன்றிலிருந்து அந்த மாடத்தில் அவள் கையால் விளக்கு ஏற்றவில்லை. அம்மாதான் ஏற்றினாள்.

அதற்குப் பிறகு வந்தது மௌனம். எங்கள் வீட்டில் எல்லாரும் நல்லவர்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. பையன் பயந்திருக்கிறான், அவனிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பள்ளியிலும் ஆசிரியர் அதையே வகுப்புக்குச் சொல்லியிருந்தார். சின்னம்மாவின் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று, படம் அலமாரிக்குள் போயிற்று. அண்ணன் முன்னால் அவள் பெயரைச் சொல்ல மாட்டோம், ஃபெர்ரி என்றும் சொல்ல மாட்டோம். அவனைக் காப்பாற்றத்தான் அவ்வளவும் செய்தார்கள். ஆனால் பதின்மூன்று வயதுப் பையனுக்கு அந்த மௌனம் வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. எல்லாருக்கும் தெரியும், தெரிந்துதான் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று அவன் நினைத்திருக்கிறான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஒரு வார்த்தை யாராவது கேட்டிருக்கலாம். அடித்துக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அண்ணன் கெட்டுப்போகவில்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கணக்கில் முதல் மாணவனானான். பாட்டிக்குக் கால் பிடித்துவிட்டான். நோன்பு இருப்பதுபோல் பலவற்றை விட்டான். பட்டாசு, பிறந்தநாள், கடைத்தெருவில் தீபாவளிக் கூட்டம் எல்லாம். பட்டர்வொர்த்துக்குப் போக வேண்டுமென்றால் கொம்தாரில் பஸ் ஏறிப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போவான். ஒருமுறை தெருவில் கச்சாங் பூத்தே விற்பவர் காகிதக் கூம்பில் கடலை போட்டு என்னிடம் நீட்டியபோது, அண்ணன் திரும்பி மூத்திரச் சந்துக்குள் போய் வாந்தி எடுத்தான். வெயில் என்று நினைத்தோம்.

விபத்தை விசாரிக்க அரச ஆணையம் அமைத்தார்கள். பாரம், கட்டுமானம், கூட்டம் என்று எல்லாம் பேசப்பட்டது. தமிழ் நேசன் நாளிதழில் வந்ததை அப்பா சத்தமில்லாமல் படித்து மடித்து வைப்பார். எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அவரவர் தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு நடத்தினார்கள்.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது, இளையோர் நாவல் ஒன்று படிக்கக் கொடுத்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் கேதரின் பேட்டர்சன் 1977-இல் எழுதிய 'பிரிட்ஜ் டு டெராபித்தியா'. ஜெஸ் என்ற பையனும் லெஸ்லி என்ற பெண்ணும் ஓடைக்கு அக்கரையில் தங்களுக்கென்று ஒரு ராஜ்யம் உண்டாக்கி, கயிற்றில் ஊஞ்சலாடி அங்கே போவார்கள். ஒரு நாள் ஜெஸ்ஸை அவனுடைய ஆசிரியை அருங்காட்சியகம் பார்க்க அழைத்துப் போகிறார். லெஸ்லியையும் கூட்டிப் போகலாமா என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திரும்பி வந்தால், தனியாகப் போன லெஸ்லி கயிறு அறுந்து ஓடையில் இறந்துபோயிருக்கிறாள். கதையின் பாதிக்கு மேல் வரும் இந்தச் செய்தியைவிட, அவளையும் கூப்பிட்டிருந்தால் என்று அந்தப் பையன் மனத்துக்குள் சுழல்வதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பேட்டர்சனின் சொந்த மகனுக்கு எட்டு வயதில் இருந்த தோழி மின்னல் தாக்கி இறந்தாள். தான் கெட்ட பிள்ளை என்பதால்தான் கடவுள் இப்படிச் செய்தார் என்று அந்தப் பையன் நம்பியிருக்கிறான். அந்தத் துயரத்திலிருந்து பிறந்த நாவல் அது. குழந்தைகளுக்கு இவ்வளவு சாவு எதற்கு என்று அதைப் பள்ளி நூலகங்களில் இருந்து எடுக்கச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு அவர்கள்மேல் கோபம்தான் வருகிறது. சாவு நூலகத்துக்குள் வந்தா பிள்ளையைத் தேடுகிறது?

விடுமுறைக்கு வந்தபோது அந்தப் புத்தகத்தை அண்ணன் மேசையில் வைத்தேன். அவனுக்கு இருபத்து மூன்று வயது, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பிள்ளைங்க புத்தகம் எனக்கு எதுக்கு என்றான். இரவு இரண்டு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினான். உள்ளே வராமல் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டான்.

"கச்சாங் பூத்தே கேட்டேன்," என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"ஜெட்டியில. வரிசையில முன்னாலதான் நின்னோம். அந்த ஃபெர்ரியில ஏறியிருப்போம். படிக்குக் கீழ ஒருத்தரு வித்துக்கிட்டு இருந்தாரு. கையப் பிடிச்சி இழுத்தேன். இந்த வயசுல என்னடான்னு சிரிச்சிச்சு, வாங்கிக் கொடுத்துச்சு. மேல போறதுக்குள்ள கதவ மூடிட்டாங்க. அடுத்த ஃபெர்ரிக்கு நின்னோம். சின்னம்மா எனக்கு முன்னால நின்னுச்சு, கூட்டம் என்னை நசுக்கக் கூடாதுன்னு." அவன் வலது கையை மூடி மூடித் திறந்தான். "விழும்போதும் அந்தக் கூம்ப விடல. அவங்க கைய விட்டேன், கூம்ப விடல."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உன் தப்பில்லை என்று சொல்லியிருப்பேன். அது அவனைத் தொடவில்லை என்பது தெரிந்தது. யாரும் சொல்லக்கூடியதைத்தான் நானும் சொன்னேன்.

அடுத்த ஆண்டு பாட்டி இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுகள் போன பிறகு, நாங்கள் நால்வரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். எண்ணெய் வழியும் வடைத் தட்டு ஒன்று நடுவில். பாட்டி கடைசி நாட்களில் என்ன புலம்பினாள் என்று அம்மா சொல்ல ஆரம்பித்தாள். நேர்ந்தது நான், கட்ட வேண்டியது நான், காலு வலின்னு புள்ளைய அனுப்பிக் கொன்னுட்டேன் என்று இரவெல்லாம் சொன்னாளாம். பதினோரு ஆண்டு விளக்கு ஏற்றாததற்கு அன்னம்மாள்மேல், மாரியம்மன்மேல் கோபம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவளுக்குத் தன் கைமேல்தான் கோபம்.

அப்பா தொண்டையைச் செருமினார். அன்றைக்குக் குடோனுக்குப் போகாமல் இருந்திருந்தால், அந்த நண்பரின் வேனையே இரவல் வாங்கி எல்லாரையும் பாலத்தில் கூட்டிப் போயிருப்பாராம். வேன் கிடைக்கும் என்று முதல் நாளே நண்பர் சொல்லியிருந்தாராம். இரட்டைச் சம்பளம் வாங்கிய அந்தக் கவர் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது என்றார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் அண்ணன் சொன்னான். என்னிடம் சொன்ன அதே வரிசையில், வரிசை, படிக்கட்டு, கச்சாங் பூத்தே, மூடிய கதவு. அம்மா அவனை நிறுத்தவில்லை. முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அதுக்குக் காசு குடுத்ததே நான்தானேடா" என்றாள்.

"பொறப்படும்போது அவ கையில அம்பது காசு வச்சி, இவன் என்ன கேட்டாலும் வாங்கிக் குடு, முகத்தக் கோண விடாதேன்னு சொன்னேன். வாங்காம வந்திருந்தா நான் அவள ஏசியிருப்பேன். அவளுக்கும் அது தெரியும்."

அண்ணன் அழுதது அன்றைக்குத்தான். பதின்மூன்று வயதுக்காரன்போல் வாயைத் திறந்து, மூக்கு ஒழுக அழுதான். அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள். சாமத்துக்கு மேல் எங்கள் எல்லாருக்கும் பசித்தது. ஆறிப்போன வடையைத் தின்றோம். அம்மா கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்து வரச் சொன்னாள். பூட்டு துருப்பிடித்திருந்தது, அப்பா சுத்தியலால் தட்டினார். யூனிஃபார்ம் இரண்டு, பாச்சை உருண்டை, ஃபேக்டரி ஆண்டு விருந்துப் படம், கமல் படம் ஒட்டிய நோட்டு. ரஜினிதான் பிடிக்கும் என்று அண்ணன் அவளோடு சண்டை போட்டது அப்போது வெளியே வந்தது. அன்று கோயிலுக்கு என்ன சேலை கட்டிக்கொண்டு போனாள் என்ற பேச்சு வந்தது.

"கத்தரிப்பூ கலரு. நான்தான் கட்டிவிட்டேன்," என்றாள் அம்மா.

"இல்ல. நீலம். நான் பின்னாலதானே நின்னேன்," என்றான் அண்ணன்.

"நீலம் அவ கட்டவே மாட்டா. தினம் யூனிஃபார்ம்ல பாக்குறது போதாதாம்பா."

"ஓரத்துல மெழுகு சொட்டி இருந்துச்சும்மா, வெள்ளையா. நீலத்துலதான் அது தெரியும்."

"கத்தரிப்பூவுலயும் தெரியும்டா," என்று அப்பா குறுக்கே விழுந்தார்.