பூனை போனால் தெள்ளு போய்விடுமா?

வீட்டுப் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வந்துவிட்டால் நம் ஊரில் பலரும் முதலில் தேடுவது கோணிப்பையைத்தான். பூனையை உள்ளே போட்டுக் கட்டி, ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வந்தால் தொல்லை ஒழிந்தது என்று நினைப்பு.

ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் 68 வயது அம்மாள் ஒருவரின் வீட்டிலும் ஐப்பசி மழையோடு இந்தப் பேச்சு ஆரம்பித்தது. கணவர் காலமான பிறகு அவருக்கு வீட்டில் துணை, பட்டு என்ற பூனை மட்டும்தான். பொங்கலுக்கு மகள் பத்து மாதக் கைக்குழந்தையோடு வரப் போகிறாள். இந்த நேரம் பார்த்து அம்மாளின் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள். பட்டு ராத்திரி பகலாகச் சொறிந்து, வால் பக்கம் முடியெல்லாம் கொட்டிவிட்டது.

“பேசாம பூனையை எங்கயாவது விட்டுடும்மா. குழந்தை வேற வருது” என்றான் பெங்களூரு மகன். “நீங்க சொல்லுங்க மாமி, கொள்ளிடம் பாலத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்துடறேன்” என்று எதிர்வீட்டுப் பையனும் தயாராக நின்றான்.

அம்மாளுக்கு மனசு வரவில்லை. வேப்பெண்ணெய் தடவினார், மஞ்சள் பூசினார். தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். நல்லவேளையாக அதைச் செய்யவில்லை. பூனை தன் உடம்பில் எதைப் பூசினாலும் நக்கித் தின்றுவிடும். கற்பூரம், ஃபினாயில், மண்ணெண்ணெய் எல்லாமே அதற்கு விஷம். கடைசியில் மருந்துக்கடைக்குப் போனார். “நாய்க்குப் போடற சொட்டு மருந்துதான், பூனைக்கும் போடலாம்” என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அதை அப்படியே பையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனதுதான் பட்டுவின் ஆயுசு கெட்டி.

அந்த மருந்தில் இருந்தது பெர்மெத்ரின். நாய்க்கு ஒன்றும் செய்யாது. பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து உயிரே போய்விடலாம். டாக்டர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பேன் சீப்பு மாதிரி ஒரு நெருக்கமான சீப்பால் பட்டுவின் முதுகை வாரினார். மிளகுத்தூள் போல் உதிர்ந்ததை ஈரப் பஞ்சில் ஒற்றினார். கறுப்பு மெல்லச் செம்பழுப்பாகப் பரவியது.

“இது அழுக்கு இல்லம்மா. தெள்ளு குடிச்ச ரத்தம், எச்சமா விழுது.”

உண்ணி என்றால் தோலில் ஒட்டிக்கொண்டு மிளகு மாதிரி ஊதும், பிடுங்கி எடுக்கலாம். தெள்ளு எள்ளளவுகூட இருக்காது. பிடிக்கப் போனால் துள்ளிவிடும். ரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிட ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு 40, 50 கூட இடும். முட்டை பூனை மேல் ஒட்டி நிற்காது. பூனை படுக்கும் இடமெல்லாம் உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து பாய்க்கு அடியிலும் தரை வெடிப்பிலும் ஒளிந்துகொண்டு, தாய்த் தெள்ளின் எச்சத்தைத் தின்று வளரும். மழைக்கால ஈரம் அதற்குக் கொண்டாட்டம். பிறகு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் பூச்சிமருந்து சரியாகப் போவதில்லை. நாம் பூனை மேல் பார்ப்பது மொத்தக் கூட்டத்தில் 100-க்கு 5 கூட இருக்காது. மீதி வீட்டில் இருக்கிறது.

பட்டுவின் ஈறு வெளுத்திருந்தது. வாலடியில் காய்ந்த அரிசி போல ஒட்டியிருந்தவை நாடாப்புழுவின் துண்டுகள். நக்கும்போது தெள்ளை விழுங்கினால் இந்தப் புழு வரும். அபூர்வமாக, தரையில் தவழும் குழந்தை தெள்ளை விழுங்கினாலும் வரும். அம்மாள் இதைக் கேட்டதும், மகன் சொன்னதுதான் சரியோ என்று ஒரு கணம் தடுமாறிவிட்டார்.

டாக்டர் பூனையை எடை போட்டு, பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தைப் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில் விட்டார். புழுவுக்குத் தனியாக மாத்திரை. “மாசம் ஒரு தடவை, மூணு மாசம். நடுவுல ஒண்ணுமே கண்ணுல படலைன்னாலும் நிறுத்தக் கூடாது” என்றார்.

கார்த்திகை முழுக்க வேலைதான். போர்வை, தலையணை உறை, பட்டு படுக்கும் பழைய புடவை எல்லாம் வாரம் ஒரு தடவை கொதிநீரில். பக்கத்து வீட்டிலிருந்து வேக்குவம் கிளீனர் இரவல் வாங்கிக் கட்டிலுக்கு அடியெல்லாம் இழுத்தார். குப்பையைப் பையில் கட்டி அன்றைக்கே வெளியேற்றினார். தரை வெடிப்புகளைச் சிமென்ட் பூசி அடைத்தார். மார்கழி பிறந்தபோது பட்டு சொறிவதை நிறுத்தியிருந்தது.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, மகளுக்காக மாடி அறையைத் திறந்தார். கணவர் இருந்த அறை. அவருடைய ஈஸி சேரில்தான் பட்டு எப்போதும் தூங்கும். தெள்ளு என்று தெரிந்ததுமே, பூனை அங்கே போகக் கூடாதென்று பூட்டி வைத்ததோடு சரி, சுத்தம் செய்யவில்லை. ஐந்து நிமிஷம் பெருக்கியிருப்பார், இரண்டு காலிலும் சுருக் சுருக்கென்று கடி. “நான் அப்பவே சொன்னேனே” என்றான் மகன்.

கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு, மாதக்கணக்கில் பட்டினியாகக் காத்திருக்கக்கூடியது. காலடி அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால் வெளியே பாயும். 1898-ல் கராச்சியில் பிளேக் நோயை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன், நோயைப் பரப்புவது எலித் தெள்ளு என்று கண்டுபிடித்தார். எலி செத்து உடம்பு ஆறியதும் தெள்ளு அதை விட்டு வேறு உயிரைத் தேடிப் போகிறது. வீட்டுப் பூனையைக் கொள்ளிடத்துக்கு அனுப்பினாலும் நடப்பது இதுதான். வெடிப்பிலிருந்து பசியோடு வரும் தெள்ளுக்கு அப்புறம் வீட்டில் மிச்சம் இருப்பது மனுஷக் கால்தான். மருந்து போட்ட பூனை வீட்டில் இருந்தால், அதன் மேல் ஏறுகிற தெள்ளு முட்டையிடுவதற்குள் செத்துவிடும்.

“பட்டுவை அந்த ரூமுக்குள்ள விடுங்கம்மா. நீங்களும் தினம் போய் நடங்க. கடைசிக் கூட்டம், வெளியே வந்து சாகட்டும்” என்றார் டாக்டர் போனில்.

ஈஸி சேர் துணியைக் கழற்றிக் கொதிநீரில் போட்டார். காலையில் அறையெங்கும் வேக்குவம் இழுத்தார். சாயங்காலம் கணவரின் பழைய வெள்ளை சாக்ஸை முழங்கால் வரை இழுத்து மாட்டிக்கொண்டு அறைக்குள் மேலும் கீழும் நடப்பார். பட்டு பின்னாலேயே வரும். சாக்ஸில் ஏறிய கறுப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீரில் போட்டு எண்ணி, பால்கணக்குக் காலண்டரில் குறித்துக்கொள்வார். முதல் நாள் 14. அப்புறம் 9, 9, 5, 2. ஒரு நாள் 4 என்று ஏறியதில் ராத்திரி தூக்கம் போயிற்று. போகிக்கு முந்தின மூன்று நாளும் சைபர்.

மகள் வந்தாள். குழந்தை மாடி அறையில் பாயை விட்டுத் தவழ்ந்து போய்ப் பட்டுவின் வாலைப் பிடித்து இழுத்தது. மூன்றாவது சொட்டு மருந்துக்கான தேதி, காலண்டரில் கேஸ் புக் செய்த தேதிக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறது.